அடுத்த புயல் வருவதற்குள்

2022 டிசம்பரில் மாண்டஸ். 2023 டிசம்பரில் மிக்ஜாம். 2024 நவம்பர் முடியும்போது ஃபெஞ்சல். 2025 நவம்பர் முடியும்போது டிட்வா. தொடர்ந்து நான்கு மழைக்காலம், நான்கு பெயர்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசினால், "மாண்டஸ்ல எங்க மாமா படகு ஒடஞ்சுது", "மிக்ஜாம்ல எங்க வீட்ல இடுப்பளவு தண்ணி" என்று ஆண்டுக்குப் பதிலாகப் புயலின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. இந்த நான்கில் ஒன்றுகூட வட சென்னையில் கரையேறவில்லை. மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. மிக்ஜாம் சென்னையைத் தாண்டிப் போய் ஆந்திராவின் பாபட்லா அருகே கடந்தது. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. டிட்வா இலங்கையில் 600-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்துவிட்டு, வலுவிழந்து, சென்னைக்கு எதிரே கடலில் நின்று மழையாகக் கொட்டியது. நேராக நம் தலைமேல் வந்தது என்றால் அது 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தாதான்.

நேராக வராத புயல்கள் ஏன் இவ்வளவு சேதம் செய்கின்றன? முழங்காலில் அடிபட்டால் இரண்டு வாரத்தில் பொருக்குத் தட்டி ஆறிவிடும். பொருக்கு உதிரும் முன்னே அதே இடத்தில் மறுபடி இடித்துக்கொண்டால்? இரண்டாவது அடி லேசானதாக இருந்தாலும் ரத்தம் வரும். கடற்கரைக்கும் இப்படி ஆறும் காலம் ஒன்று உண்டு. மணலுக்கு உண்டு, கழிமுகத்துக்கு உண்டு, படகுக்கும் வலைக்கும் வீட்டுக்கும் உண்டு. ஒரு புயலின் வலுவை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கும் அடுத்த புயலுக்கும் நடுவே எத்தனை மாதம் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் புயல் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடுவோம். கடல் மேற்பரப்பின் வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். மேலே ஒரு சாண் மட்டும் சூடாக இருந்தால் பயனில்லை. சுமார் 50 மீட்டர் ஆழம்வரை அந்தச் சூடு வேண்டும். அப்படிப்பட்ட கடலிலிருந்து நீராவி எழுகிறது. மேலே போய்க் குளிர்ந்து நீர்த்துளியாகும்போது, தன்னுள் வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால் அங்கே உள்ள காற்று இன்னும் சூடாகி இன்னும் மேலே எழுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து ஈரக்காற்று ஓடி வருகிறது. அதுவும் மேலே எழுகிறது. பூமி சுழல்வதால் ஓடிவரும் காற்று நேராக வராமல் வளைகிறது. நமது வட அரைக்கோளத்தில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே இந்த வளைவு கிடைக்காது, ஆகவே அங்கே புயல் பிறப்பது மிக அரிது.

வங்கக் கடலுக்கு இன்னொரு குணமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா என்று பெரிய ஆறுகள் எல்லாம் அதில்தான் விழுகின்றன. ஆற்று நீர் நன்னீர், எடை குறைவு. அது உப்புநீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. காற்று அடித்தாலும் கீழே இருக்கும் குளிர்ந்த நீர் எளிதில் மேலே கலந்து வராது. எனவே மேற்பரப்பின் சூடு சீக்கிரம் தணிவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நாள்களில் இந்தச் சூட்டைத் தின்றுதான் நம் பக்கத்துப் புயல்கள் வளர்கின்றன.

காற்றின் வேகம் மணிக்கு சுமார் 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அதற்குப் பெயர். அதற்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றுதான் வானிலை மையம் சொல்லும். வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து, 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020-இல் வெளியானது. மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம் தந்தது. மிக்ஜாம் மியான்மர், ஃபெஞ்சல் சவூதி அரேபியா, டிட்வா ஏமன். நம் கடலில் ஒருமுறை பயன்படுத்திய பெயர் மறுபடி வராது.

அட்லாண்டிக் கடலில் வேறு முறை. அங்கே ஆண்டுக்கு 21 பெயர்கள். 2020-இல் 21-உம் தீர்ந்து, கிரேக்க எழுத்துகளான ஆல்ஃபா, பீட்டா என்று ஆரம்பித்து இன்னும் 9 புயல்களுக்குப் பெயர் வைத்தார்கள். மொத்தம் 30. அதுவரை இல்லாத எண்ணிக்கை. அடுத்த ஆண்டு 2021-இலும் 21 பெயர்களும் தீர்ந்தன. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் பட்டியல் தீர்ந்தது அதுவே முதல் முறை. அது மட்டுமல்ல, 2016 முதல் 2021 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அங்கே புயல்கள் வழக்கத்தை மீறின.

அந்த ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் லேக் சார்ல்ஸ் என்ற ஊருக்கு நடந்ததைக் கேளுங்கள். நம் மணலியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் நீரோரமாக வரிசையாக நிற்கும் ஊர். 2020 ஆகஸ்ட் 27 அன்று லாரா என்ற மிகக் கடுமையான புயல் அந்தப் பக்கம் கரையேறியது. கூரைகள் பறந்தன. பக்கத்தில் ஒரு ரசாயன ஆலை தீப்பிடித்துக் குளோரின் புகை கிளம்பியது. மக்கள் திரும்பி வந்து, உடைந்த கூரைமேல் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். ஆறு வாரம்தான் ஆனது. அக்டோபர் 9 அன்று டெல்டா என்ற புயல், லாரா கடந்த இடத்துக்கு அருகிலேயே கரையேறியது. லாராவைவிட அதன் வலு மிகக் குறைவு. ஆனால் அது அடித்தது உறுதியான கூரைகள்மேல் அல்ல, தார்ப்பாய்கள்மேல். லாரா குவித்த குப்பையே இன்னும் தெருவோரத்தில் கிடந்தது. தார்ப்பாய்கள் கிழிந்து, தப்பித்த வீடுகளுக்குள்ளும் மழை கொட்டியது. அடுத்த பிப்ரவரியில் கடும் பனி வந்து தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன, மே மாதத்தில் வெள்ளம் வந்தது. ஒரே ஊருக்கு ஒரே ஆண்டுக்குள் நான்கு அடி.

இப்போது நம் கரைக்குத் திரும்புவோம்.

புயல் நாளில் செய்தியில் "துறைமுகத்தில் இத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று சொல்வார்கள். எண் ஏற ஏற ஆபத்து ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. 1, 2 என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5, 6, 7 மூன்றும் அபாய எச்சரிக்கை. 8, 9, 10 மூன்றும் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள்.

5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம் என்றால் எதற்கு மூன்று எண்? அது பக்கத்தைச் சொல்கிறது. துறைமுகம் புயலின் பாதைக்கு இடப்பக்கம் இருந்தால் 5, வலப்பக்கம் இருந்தால் 6, புயல் துறைமுகத்தின்மேலோ மிக அருகிலோ கடந்தால் 7. அதேபோலத்தான் 8, 9, 10. இடது வலது என்பது மாலுமிக்கு உயிர்ப் பிரச்சினை. கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயலை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. அப்படியானால் அதன் வலப்பக்கத்தில், அதாவது வடக்கே, காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். இடப்பக்கத்தில், அதாவது தெற்கே, கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும்.

மாண்டஸ் மாமல்லபுரத்தில் கடந்தபோது நம் காசிமேடு வலப்பக்கத்தில் இருந்தது. காற்று கடலைக் கரைமேல் தள்ளியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கிக் கட்டியிருப்பார்கள். அலை உள்ளே புகுந்து தூக்கித் தூக்கிப் போட்டால் படகை உடைக்கப் பாறை தேவையில்லை, பக்கத்துப் படகே போதும். அன்று அப்படித்தான் பல படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, சில மூழ்கின.

புயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்களே வீட்டிலிருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 1857-இல் பைஸ் பாலட் என்ற டச்சு அறிவியலாளர் எழுதி வைத்த விதி இது. பலத்த காற்று அடிக்கும் நாளில், வெளியே போகாமல், பெரியவர்களோடு வீட்டுத் தாழ்வாரத்தில் நில்லுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டுங்கள். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். ஏறத்தாழ அந்தக் கை காட்டும் பக்கம்தான் புயலின் மையம் இருக்கிறது. வடக்கிலிருந்து வாடைக் காற்று அடிக்கிறதா? முதுகு வடக்கே, முகம் தெற்கே, இடது கை கிழக்கே. புயல் இன்னும் கடலில்தான் இருக்கிறது. காற்று கிழக்கிலிருந்து அடிக்கத் தொடங்கினால் இடது கை தெற்கே நீளும். புயல் மாமல்லபுரம், புதுச்சேரிப் பக்கம் போகிறது. மேற்கிலிருந்து அடித்தால் அது வடக்கே ஆந்திரா பக்கம்.

வர்தா நாளன்று ராயபுரத்தில் இருந்தவர்கள் இந்த விதியைத் தங்கள் தெருவிலேயே பார்த்தார்கள். முதலில் வடக்கிலிருந்து பேய்க்காற்று. பிறகு மதியம் தாண்டித் திடீரென்று எல்லாம் அடங்கியது. புயல் முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தவர்கள் உண்டு. முடியவில்லை, புயலின் கண் மேலே வந்திருந்தது. அது நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையில், தெற்கிலிருந்து அடித்தது. முதல் அடியில் வேர் தளர்ந்த மரங்கள் இரண்டாம் அடியில் சாய்ந்தன. இப்படிப்பட்ட புயலின் கண்ணைப் பார்க்கும் டாப்ளர் ரேடார் சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்து உச்சியில்தான் இருக்கிறது. ராஜாஜி சாலையில் போகும்போது மேலே பாருங்கள், வெள்ளை உருண்டை தெரியும்.

இடப்பக்கம் என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமா? மிக்ஜாம் இடப்பக்கத்தில்தான் நம்மை விட்டுச் சென்றது. காற்று பெரிதாக இல்லை. ஆனால் அது கரைக்கு இணையாக, மிக மெதுவாக, மேலே ஏறியது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய இரண்டு நாளில் சென்னையில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவு நேரம் ஒரே ஊரின்மேல் நீர் இறங்கும். அடுத்த ஆண்டு ஃபெஞ்சலும் கரையேறிய இடத்தில் நகராமல் நின்றதால்தான் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது.

நெட்டுக்குப்பத்துப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டான்: "புயல் ஆந்திராவுக்குப் போயிடுச்சுன்னு டிவில சொன்னாங்கண்ணா. மழையும் நின்னுடுச்சு. அப்பறம்தான் எங்க வீட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சு. அது எப்டி?" நல்ல கேள்வி. மழை நின்ற பிறகு வந்த தண்ணீர் அவன் ஊரில் பெய்த மழை அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் பெய்த மழை கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, பூண்டி ஏரியில் நிரம்பி, உபரியாகத் திறந்துவிடப்பட்டு எண்ணூர் வரும். புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாயும் மணலி, சடையங்குப்பம் வழியாக இங்கேதான் வரும். பக்கிங்ஹாம் கால்வாயும் இதில்தான் கலக்கிறது. எல்லாம் சேர்ந்து கடலுக்குள் போக எண்ணூர் முகத்துவாரம் ஒன்றே வாசல்.

அந்த வாசலில் கடல் என்ன செய்துகொண்டிருந்தது? ஊரில் பெரியவர்கள் "கடல் வாங்கல" என்பார்கள். அது அப்படியே அறிவியல். புயலில் காற்றழுத்தம் குறையும்போது கடல்மட்டம் உயர்கிறது. ஒரு மில்லிபார் குறைந்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதன்மேல் அலைகள் கரையில் குவிக்கும் நீர். அதன்மேல் உயர் ஓதம் சேர்ந்துகொண்டால் முகத்துவாரத்தில் கடல், ஆற்றைவிட உயரமாக நிற்கும். ஆறு போக இடமில்லாமல் பக்கவாட்டில் வீடுகளுக்குள் ஏறும்.

முன்பெல்லாம் ஏற இன்னொரு இடம் இருந்தது. எண்ணூர்க் கழிமுகம் சதுப்பும் உப்பளமும் அலையாத்திக் காடுமாகப் பரந்து கிடந்தது. வெள்ளம் அங்கே ஓரிரு நாள் தங்கி, கடல் இறங்கியதும் மெல்லப் போகும். இப்போது அதில் பெரும்பகுதி மேடாகிவிட்டது. அனல் மின் நிலையச் சாம்பல் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தில் படிந்து, ஆள் மூழ்கும் ஆழமிருந்த இடங்களில் முழங்கால் நீர்தான் நிற்கிறது. தொழிற்சாலைகளுக்கும் துறைமுகச் சரக்குக்கும் நிலம் நிரப்பினார்கள். வெள்ளம் தங்கும் அறையைச் சுருக்கிவிட்டால் அது நம் அறைக்குத்தான் வரும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மிக்ஜாம் வெள்ளத்தோடு இன்னொன்றும் வந்தது. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து கசடு எண்ணெய் வெள்ளத்தில் கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் ஆற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் வடிந்தபோது சுவர்களில் நீர் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகு, வலை, வீட்டுப் பாத்திரம் எல்லாவற்றிலும் பிசுக்கு. கூழைக்கடாக்களின் வெள்ளைச் சிறகுகள் கறுப்பாகிப் பறக்க முடியாமல் நின்றன. பறவையின் இறகு நீரை ஒட்டவிடாது, அதனால்தான் அது நனையாமல் மிதக்கிறது. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொண்டு, நீர் உள்ளே புகுந்து, உடல் சூட்டை இழக்கிறது. அலகால் கோதிச் சுத்தம் செய்யப் பார்த்தால் எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மக்கள் படகில் போய்க் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள்.

அந்த ஆற்றில் இறால் பிடிக்கும் இருளர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. பனையோலையால் முடைந்த பறி என்ற பையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, சேற்றில் இரண்டு கைகளாலும் தடவி இறாலைப் பிடிப்பார்கள். விரல்தான் அவர்களுக்குக் கண். எண்ணெய் மிதக்கும் நீரில் வாயைத் திறந்து பறியைக் கடிக்க முடியுமா? சேற்றின் அடியில் போன எண்ணெய் மேலே தெரியாது, ஆனால் இறாலும் நண்டும் வாழ்வது அந்தச் சேற்றில்தான். ஆற்றின் மேற்பரப்பு சில வாரத்தில் தெளிந்துவிடலாம். சேறு தெளிய ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஃபெஞ்சல் வந்தது, டிட்வா வந்தது. ஒவ்வொரு வெள்ளமும் அடியில் இருக்கும் சேற்றைக் கிளறும்.

இனி மணலைப் பற்றி. மெரினாவில் நடந்தால் கடலை அடைவதற்குள் கால் வலிக்கிறது. ராயபுரம் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் போனால் மணலே இல்லை, கருங்கல் குவியல்தான். ஒரே ஊர், ஒரே கடல், ஏன் இப்படி?

சென்னைக் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். அலைகள் கரையில் சாய்வாக வந்து மோதுவதால் ஒவ்வொரு அலையும் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே தள்ளும். 1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் ஒரு பெரும்புயல் அந்தச் சுவர்களில் பெரும்பகுதியைச் சரித்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் அந்தச் சுவரில் தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை அலைகள் மணலை எடுத்துப் போயின, தெற்கிலிருந்து பதில் மணல் வரவில்லை. தெருக்கள், கோயில்கள், வீடுகள் கடலுக்குள் போயின. நம் தாத்தா பாட்டி, "அதோ அங்க அலை ஒடையுதே, அங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்று காட்டுவது கற்பனை அல்ல.

மணல் இருந்தால் புயலுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். புயல் அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போய்ச் சற்றுத் தொலைவில் கடலுக்குள் ஒரு திட்டாகக் குவிக்கும். அடுத்து வரும் பெரிய அலைகள் அந்தத் திட்டில் தட்டி அங்கேயே உடைந்து வலு குறையும். கடற்கரை தன் மணலைக் கொடுத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. புயல் போன பிறகு, அமைதியான மாதங்களில், சின்ன அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். வாரியது ஒரே இரவில், திரும்பி வருவது பல மாதங்களில். ஆறும் காலம் என்று நான் சொன்னது இதைத்தான். மணல் முழுதாகத் திரும்பும் முன்னே அடுத்த புயல் வந்தால், அது முந்தியதைவிடக் குறுகிய கரையைத்தான் சந்திக்கும்.

கருங்கல் குவியல் வீடுகளைக் காக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கல் அலையைத் திருப்பி அடிக்கும். திரும்பும் அலை கல்லின் காலடி மணலைத் தோண்டும். சில புயல்களில் கல்லே சரியும், மறுபடி லாரியில் கல் கொட்டுவார்கள். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்டில் வளைவுகள் கொஞ்சம் வேறு. அவை நகரும் மணலைப் பிடித்துத் தமக்குத் தெற்கே சேர்க்கின்றன. திருவொற்றியூர்ப் பக்கம் சில தூண்டில் வளைவுகளின் ஓரம் மணல் சேர்ந்து பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு இடம் வந்திருக்கிறது. கூடவே அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்தின் மணல் குறைகிறது. பக்கத்துக் குப்பம் "எங்களுக்கும் ஒண்ணு போடுங்க" என்று கேட்பது அதனால்தான்.

படகுக்காரர்களின் ஆறும் காலத்தையும் எண்ணிப் பார்க்கலாம். டிசம்பரில் புயல். விசைப்படகு உடைந்தால் பழுது பார்க்க ஜனவரி போய்விடும். பிப்ரவரி, மார்ச் ஓட்டலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிறகு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபரில் மழைக்காலம் வந்து, "கடலுக்குப் போக வேண்டாம்" என்ற எச்சரிக்கைகள் தொடங்கும். ஆக, படகு பழுதுக்கு வாங்கிய கடனை அடைக்க ஐந்தாறு மாதம். அடைத்தார்களோ இல்லையோ, அடுத்த புயல். 2016 டிசம்பரில் வர்தா அடித்து ஏழு வாரத்தில், 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்போதும் மீன் வாங்க ஆளில்லை.

புயல்களின் எண்ணிக்கையே கூடுகிறதா என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே கவனமாகப் பேச வேண்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள், 1982 முதல் 2000 வரையிலான காலத்தை 2001 முதல் 2019 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டார்கள். அரபிக் கடலில் புயல்கள் 52 சதவீதம் கூடியிருந்தன. நம் வங்கக் கடலில் 8 சதவீதம் குறைந்திருந்தன. ஆச்சரியமாக இருக்கிறதல்லவா? ஆகவே தொடர்ந்து நான்கு ஆண்டு புயல் வந்ததாலேயே இனி ஆண்டுதோறும் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மாறியிருப்பது வேறு. கடல் சூடாகியிருப்பதால் புயல்கள் திடீரென்று வேகமாக வலுப்பெறுகின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் கனமழை இன்னும் கனமாக இறங்கும். உலகக் கடல்மட்டம் 1900-லிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதனால் அதே வலுவுள்ள புயல், நம் கொள்ளுத்தாத்தா பார்த்ததைவிட உயரமான கடலின்மேல் ஏறி வருகிறது.

புயலை நாம் நிறுத்த முடியாது. ஆறும் காலத்தை மீட்டுத் தர முடியும். கழிமுகத்தில் படிந்த சாம்பலை வாரி எடுத்தால், அலையாத்தி நாற்றுகளை நட்டுப் பிழைக்க வைத்தால், துறைமுகத்துக்குத் தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்டினால், மழைக்காலத்துக்கு முன்பே ஆலைகளின் எண்ணெய்த் தொட்டிகளையும் மழைநீர் வடிகால்களையும் பிரித்துச் சரிபார்த்தால், அடுத்த புயல் அதே புயலாகவே வந்தாலும் சேதம் குறையும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடற்கரையில் நகராத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். தூண்டில் வளைவு தொடங்கும் இடமோ, சாலையோர மின்கம்பமோ, கோயில் மதிலோ எதுவாகவும் இருக்கலாம். பெரியவர் ஒருவரோடு, கடல் அமைதியாக இருக்கும் நாளில், தாழ் ஓதத்தின்போது போய், அங்கிருந்து ஈரமணல் தொடங்கும் இடம்வரை கயிறு பிடித்து அளந்து பாருங்கள். தேதி, நேரம், காற்றின் திசை, மீட்டர் கணக்கு நான்கையும் நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே தாழ் ஓதத்தில். ஜனவரியில் தொடங்கினால் செப்டம்பருக்குள் உங்கள் கரை எத்தனை மீட்டர் மணலைத் திரும்பப் பெற்றது என்று தெரியும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்தால் எத்தனை போனது என்று தெரியும். ராயபுரத்தில் ஒரு பள்ளி, திருவொற்றியூரில் ஒரு பள்ளி, எண்ணூரில் ஒரு பள்ளி சேர்ந்து இதைச் செய்து, மூன்று நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. ஒரு குப்பத்தில் சேர்ந்த மணல் இன்னொரு குப்பத்தில் குறைந்த மணலா என்பதையும் அதில் பார்த்துவிடலாம்.